ஆளுக்கு ஒரு கணக்கு, படகுக்கு ஒரு கணக்கு

“உடையவன் இல்லாதது ஒரு முழம் கட்டை” என்பது நம் நாட்டுப் பழமொழி. துணிக்கு உரியவன் அருகில் நின்று பார்த்து வாங்காவிட்டால், அளவில் ஒரு முழம் குறைந்தே வந்து சேரும் என்பது இதன் கருத்து. பிறந்த ஊரில் ஓட்டு வீட்டையும் கொஞ்சம் நிலத்தையும் வைத்துவிட்டுப் பிழைப்பின் பொருட்டு வடக்கே வந்து குடியேறிய நமக்கு இப்பழமொழியை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று, உடைந்த ஓட்டை மாற்றி, வரி கட்டி, வேலியைச் சரிசெய்து, பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம். வீடும் நிலமுமாவது வைத்த இடத்திலேயே இருக்கும். தண்ணீரில் மிதக்கும் ஓர் உடைமையை அயல் நாட்டில் நிறுத்திவிட்டு, வேறொரு நாட்டில் குடியிருப்பவருடைய நிலைமை எப்படி இருக்கும்? இம்மாதம் இப்பகுதியில் அதைப் பற்றி எழுதப் புகுந்தோம்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்து அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய குமாரர் லண்டனில் உத்தியோகம் பார்க்கிறார். இந்தியக் குடிமகனாகவே இருந்து வருகிறார். அவருடன் பணிபுரியும் ஆங்கிலேயர் மூவர், கிரேக்க நாட்டுக் கரையில் நிற்கும் பாய்மரப் படகு ஒன்றை வாங்க எண்ணி, நான்காவது பங்குக்கு இவரை அழைக்கின்றனர். ஊர் நிலத்தை விற்றதில் குமாரர் பங்கிற்கு வந்த தொகை வங்கியில் இருக்கின்றது. அதை எடுத்துப் படகில் போடுவது தகுமா என்பது அன்பரின் வினா. பெயரை வெளியிடாமல், எல்லோர்க்கும் பயன்படும் வகையில் விடை எழுதுகிறோம். நம் பிள்ளைகள் கடல் கடந்து குடியேறும் காலம் இது. இன்று ஒரு வீட்டில் எழுந்த கேள்வி நாளை மற்றொரு வீட்டிலும் எழலாம்.

ஏன் அங்கே கொண்டு வைக்கிறார்கள்?

பிரிட்டனிலும் வட ஐரோப்பாவிலும் பாய்மரப் படகு ஓட்டுவதை ஓய்வுக்காலப் பொழுதுபோக்காகக் கொண்டவர் பலர். ஆனால் அவர்களுடைய கடல் குளிர்ந்தது; கோடை குறுகியது. கிரேக்க நாட்டின் மேற்கே அயோனியக் கடலும் கிழக்கே ஈஜியன் கடலும் வெயிலும் தீவுகளும் நிறைந்தவை. ஆகவே படகை அங்கேயே நிறுத்திவிட்டு, ஆண்டில் சில வாரங்கள் விமானத்தில் சென்று ஓட்டிவிட்டுத் திரும்புவது வழக்கமாயிற்று. மேற்குக் கரையில் பிரெவெஸா, லெஃப்கடா, கிழக்கே லெரோஸ் தீவு முதலிய இடங்களில் படகுகளைக் கரையேற்றி நிறுத்தும் பெரிய பட்டறைகள் உள்ளன. பிரெவெஸாவின் எதிர்க்கரையில் இருக்கும் ஆக்டியம் முனை, கி.மு. 31-இல் அந்தோணியும் கிளியோபாத்ராவும் கடற்போரில் தோற்ற இடம். இன்று அங்கே வெள்ளை நிறப் படகுகள் தாங்கு கட்டைகளின்மேல் வரிசை வரிசையாக ஏறி நிற்கின்றன. அவற்றுள் பலவற்றின் சொந்தக்காரர்கள் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருப்பவர்கள்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடாக இருந்தவரை ஆங்கிலேயப் படகுக்காரருக்குப் பெரிய தொல்லை ஏதும் இல்லை. 2016 ஜூன் 23-ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பின்படி அந்நாடு 2020 ஜனவரி 31-இல் ஒன்றியத்தை விட்டு விலகிற்று. இடைக்கால ஏற்பாடும் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. மறுநாள் விடிந்தபோது மனிதர் அவரேதான், படகும் அதுவேதான். ஆனால் அந்தக் கரையில் அவர் அயலாராகிவிட்டார்.

ஆளின் கணக்கு

நாம் வேலை பார்க்கும் இரயில்வேயில் ஆளுக்கு ஒரு விதியும் சரக்குக்கு ஒரு விதியும் உண்டு. பிளாட்பாரம் டிக்கெட் வாங்கியவர் இரண்டு மணி நேரம் நிற்கலாம். சரக்குக் கொட்டகையில் இறங்கிய மூட்டைக்கு வேறு கெடு. அது கடந்தால் வார்ஃபேஜ் ஏறத் தொடங்கும். மூட்டைக்குக் கெடு மிச்சம் இருக்கின்றதே என்று மூட்டைக்காரர் பிளாட்பாரத்தில் படுத்துக்கொள்ள முடியாது. தாம் டிக்கெட்டுடன் இருப்பதால் மூட்டைக்குக் கட்டணம் வேண்டாம் என்று வாதாடவும் முடியாது. ஐரோப்பாவில் படகு வைத்திருக்கும் வெளிநாட்டாரின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

முதலில் ஆளின் கணக்கைப் பார்ப்போம். ஷெங்கன் நாடுகள் எனப்படும் கூட்டத்துள், வெளிநாட்டுக் குடிமகன் ஒருவர் பார்வையாளராகத் தங்கக்கூடிய காலம், எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்களுக்கு மிகுதல் ஆகாது. வந்து இறங்கும் நாளும் ஒரு நாள். புறப்படும் நாளும் ஒரு நாள். ஏப்ரல் 1-ஆம் தேதி கிரீஸில் இறங்கியவர் தொடர்ந்து தங்கினால் ஜூன் 29-இல் 90 நாட்கள் நிரம்பிவிடும். அதன்பின் செப்டம்பர் 27 வரை அவர் உள்ளே வர இயலாது. இடையிலுள்ள ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் கடற்பயணத்துக்கு ஏற்ற கோடை மாதங்கள். படகு அங்கே வெயிலில் நிற்க, சொந்தக்காரர் தம் ஊரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த 90 நாள் விதி ஆங்கிலேயருக்கும் இந்தியருக்கும் பொது. ஆனால் ஆங்கிலேயருக்கு இக்குறுகிய தங்கலுக்கு விசா வேண்டியதில்லை. இந்தியப் பாஸ்போர்ட் உடையவர் லண்டனில் குடியிருந்தாலும் விசா பெற்றாக வேண்டும். விசாவில் எத்தனை நாட்கள் குறித்திருக்கிறார்களோ அத்தனை நாட்களே அவருக்கு உரியவை. நண்பர்கள் மூவர் வெள்ளிக்கிழமை மாலை முடிவு செய்து சனிக்கிழமை காலை விமானம் ஏறிவிடலாம். நான்காம் பங்குதாரருக்கு அவ்வசதி இல்லை.

முன்னாளில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, அதிகாரி விரல் விட்டு எண்ணிப் பார்ப்பது வழக்கம். 2025 அக்டோபர் 12-ஆம் நாள் முதல், முகப்படத்தையும் கைரேகையையும் பதிவு செய்து, வரவையும் போக்கையும் இயந்திரமே கணக்கிடும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. “ஒரு நாள்தானே கூடிற்று” என்னும் சமாதானத்துக்கு இயந்திரத்திடம் இடமில்லை.

படகின் கணக்கு

அடுத்து, படகின் கணக்கு. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் எந்தச் சரக்குக்கும் சுங்கத் தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் உண்டு. கிரீஸில் இவ்வரியின் பொது விகிதம் நூற்றுக்கு 24. ஒரு லட்சம் யூரோ மதிப்புள்ள படகுக்கு இவ்வரி மட்டும் 24,000 யூரோ ஆகின்றது. உல்லாசப் பயணமாக வந்து போகிறவரிடம் இதைக் கேட்பது முறையன்று என்பதால், சுங்கச் சட்டத்தில் “தற்காலிக அனுமதி” என்று ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள். இதன்படி, சொந்த உபயோகத்துக்கான படகு 18 மாதங்கள் வரை வரியின்றி ஒன்றியத்தின் எல்லைக்குள் இருக்கலாம்.

இச்சலுகைக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. படகு ஒன்றியத்துக்கு வெளியே பதிவானதாக இருத்தல் வேண்டும். ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவர் பெயரில் இருத்தல் வேண்டும். அங்ஙனம் வெளியே குடியிருப்பவரே அதைப் பயன்படுத்துதல் வேண்டும். வாடகைக்கு விட்டுப் பணம் பண்ணுவது இச்சலுகைக்குள் அடங்காது. பழுது பார்க்கலாம், பராமரிக்கலாம். அந்த அளவோடு நிற்க வேண்டும்.

18 மாதங்கள் முடிவதற்குள் படகு ஒன்றியத்தின் எல்லையைத் தாண்டிச் செல்ல வேண்டும். கிரீஸிலிருந்து இத்தாலிக்குப் போய் வந்தால் கணக்குத் தீராது; இரண்டும் ஒரே எல்லைக்குள் இருப்பவை. கார்ஃபூ தீவிலிருந்து அல்பேனியாவின் சரண்டா துறைமுகத்துக்கோ, கோஸ் தீவிலிருந்து துருக்கியின் போட்ரம் துறைமுகத்துக்கோ சென்று திரும்பினால் புதிதாக 18 மாதங்கள் தொடங்கும். இரண்டும் ஒரு பகல் ஓட்டத்துக்குள் அடங்கும் தூரங்களே. வெளியே இத்தனை நாள் இருந்தாக வேண்டும் என்று சட்டம் அளவு குறிக்கவில்லை. ஆயினும் போய் வந்ததற்குச் சான்று வேண்டும். துறைமுக அதிகாரிகளின் முத்திரையும், அங்கே நங்கூரமிட்ட நாளுக்கான ரசீதும் பத்திரமாக இருக்க வேண்டும். சரக்கு வந்ததையும் போனதையும் காகிதம்தான் பேசும் என்பதை எம் போன்ற குமாஸ்தாக்கள் நாள்தோறும் காண்கிறோம். சரக்கே நேரில் வந்து நின்றாலும் ரசீது இல்லையென்றால் கணக்கில் ஏறாது.

இங்கேதான் இரு கணக்குகளும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. படகின் 18 மாதங்கள் முடியும் நாளில் ஆளின் 90 நாட்கள் தீர்ந்திருந்தால் படகை ஓட்டிச் செல்ல அவர் அங்கே இருக்க முடியாது. “அப்படியானால் கிரீஸிலேயே குடியுரிமை அனுமதி பெற்று, வருஷம் முழுவதும் தங்கிவிடலாமே” என்று சிலர் நினைப்பதுண்டு. ஆளின் தொல்லை அதனால் தீரும். ஆனால் குடியிருப்பு அங்கேயே ஆகிவிட்டால், “வெளியே குடியிருப்பவர்” என்ற தகுதி போய், படகின் சலுகை அறுந்துவிடும். ஆளுக்குக் கதவு திறந்தால் படகுக்குக் கதவு மூடுகின்றது.

எந்த நாட்டார், எங்கே குடியிருப்பவர்

உற்றுப் பார்த்தால், இச்சட்டங்கள் இரு வேறு வினாக்களைக் கேட்கின்றன. எல்லையில் நிற்கும் அதிகாரி, “நீர் எந்த நாட்டார்?” என்று கேட்கிறார். சுங்க அதிகாரி, “நீர் எங்கே குடியிருக்கிறீர்?” என்று கேட்கிறார். முன்னதற்குப் பாஸ்போர்ட் விடை சொல்லும். பின்னதற்கு வாடகைச் சீட்டும் வரிச் சீட்டும் வீட்டு முகவரியும் விடை சொல்லும். இரண்டையும் ஒன்றெனக் கருதுவோரே பெரும்பாலும் சிக்கிக்கொள்கின்றனர். சென்னையில் குடியிருக்கும் ஜெர்மானியர் ஒருவர் ஐரோப்பாவுக்குள் விசாவின்றி நுழையலாம். அங்கே அவர் வெளியே குடியிருப்பவராதலால் படகுச் சலுகைக்கும் உரியவராகலாம். பெர்லினில் குடியிருக்கும் இந்தியர், பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை அயலார். படகைப் பொறுத்தவரை உள்ளூரார். பிறந்த இடம் ஒன்று, இருக்கும் இடம் வேறொன்று என்று வாழும் நம் போன்றோர்க்கு இவ்விரு வினாக்களும் புதியவை அல்ல.

படகுக்கும் ஒரு நாடு உண்டு. பிரிட்டனில் சிறு படகுகளுக்கென்று தனிப் பதிவேடு இருக்கின்றது. ஆண்டில் 185 நாட்களேனும் அங்கே குடியிருப்போர் அதில் தம் படகைப் பதிவு செய்துகொள்ளலாம். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களும், ஆகவே இந்தியரும், அவ்வாறு குடியிருப்பின் இதற்குத் தகுதி உடையவரே. ஆக, நம் அன்பரின் குமாரர் படகில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றலாம். ஆனால் அப்படகு நிற்கும் துறையில் காலை வைக்க அவருக்கு விசா வேண்டும்!

இச்சிறு பதிவேட்டில் ஒரு குறை உண்டு. படகு இன்ன கொடிக்கு உரியது என்று அது காட்டுமேயன்றி, இன்னாருக்குச் சொந்தம் என்பதற்கு அது சான்றாகாது. சொந்தத்தையும் அடமானத்தையும் பதிவு செய்யும் பெரிய பதிவேடு வேறு. அதில் ஒரு படகு 64 பங்குகளாகப் பிரிக்கப்படும். இது பழைய கப்பல் வழக்கம். நால்வர் சமமாகச் சேர்ந்தால் ஆளுக்கு 16 பங்கு. பெரிய பதிவேட்டில் சேர்க்காவிடின், விற்பனைப் பத்திரமும் பங்குதாரர்களுக்குள் எழுதப்பட்ட உடன்படிக்கையுமே துணை. வாய்ச்சொல்லும் நட்பும் துறைமுகத்தில் செல்லா.

இன்னொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். எல்லாப் படகுகளுக்கும் 18 மாதக் கெடு இல்லை. ஒன்றியத்துக்குள் முன்பே மதிப்புக் கூட்டு வரி செலுத்தப்பட்டு, அந்நிலை கெடாமல் இருக்கும் படகு எத்தனை காலமும் அங்கே நிற்கலாம். பிரிட்டிஷ் படகுகளின் விஷயத்தில், 2020 டிசம்பர் 31 நள்ளிரவில் படகு எங்கே நின்றது என்பதே அதன் தலைவிதியை முடிவு செய்தது. ஒரே பட்டறையில் செய்த இரட்டைப் படகுகளில், அன்றிரவு லெஃப்கடாவில் நின்றது ஒன்றியத்தின் நிலையைக் காத்துக்கொண்டது. சவுத்தாம்ப்டனில் நின்றது அதை இழந்தது. காத்துக்கொண்ட படகும் ஒன்றியத்தை விட்டு மூன்றாண்டுக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் மீண்டும் வரி கேட்கப்படலாம். ஆகவே படகு வாங்குவோர் பாயையும் இஞ்சினையும் பார்ப்பதற்கு முன்னே வரி கட்டிய ரசீதைப் பார்க்க வேண்டும். அசல் ரசீது இல்லாத படகு, பட்டா இல்லாத மனை போன்றது.

எல்லைக்கோடும் நகரும் என்பதை மறத்தலாகாது. குரோவேஷியா 2013 ஜூலை 1-இல் ஒன்றியத்தில் சேர்ந்தது. 2023 ஜனவரி 1-இல் ஷெங்கன் நாடுகளுடன் இணைந்தது. அதற்கு முந்திய நாள் வரை, கிரீஸில் 90 நாட்களைத் தீர்த்தவர்கள் அங்கே போய்த் தங்கியிருந்தனர். மறுநாள் முதல் அந்நாட்களும் அதே கணக்கில் விழுந்தன. இன்றைய விதியை நம்பி இருபது ஆண்டுத் திட்டம் போடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

உடையவன் இல்லாத படகு

சட்டத்தைக் காகிதத்தால் சமாளிக்கலாம். கடலையும் வெயிலையும் எதனால் சமாளிப்பது? பூட்டிய வீடு மெல்லப் பழுதாகும். பூட்டிய படகு ஓர் இரவில் மூழ்கிவிடும். படகின் அடிப்பாகத்தில் நீரை உள்ளே வாங்கவும் வெளியேற்றவும் துளைகளும் அடைப்பான்களும் உள்ளன. அவற்றில் பொருத்திய ரப்பர் குழாய் ஒன்று வெடித்தால் நீர் உள்ளே ஏறும். அதை இறைக்கத் தானே ஓடும் பம்பு உண்டு. பம்பு பாட்டரியால் ஓடுவது. கசிவு நிற்காவிடில் சில நாட்களில் பாட்டரி தீரும், பம்பு நிற்கும், நீர் நில்லாமல் ஏறும். வாரம் ஒரு முறை எவரேனும் எட்டிப் பார்த்திருந்தால் சிறு கவ்வி ஒன்றை முடுக்குவதோடு முடிந்திருக்கும்.

இதனால்தான் குளிர்காலத்தில் பெரும்பாலோர் படகைக் கிரேன் கொண்டு தூக்கிக் கரையில் நிறுத்துகின்றனர். அடைப்பான்களைச் சரிபார்த்து, பாய்களைக் கழற்றி மடித்து உலர்ந்த இடத்தில் வைத்து, இஞ்சினில் தங்கிய கடல்நீரை வடித்து, சமையல் எரிவாயுவை மூடி, பாட்டரிகளுக்கு மின்னேற்றம் செய்து வைக்கின்றனர். துருவேறாமல் உலோகப் பாகங்களைக் காக்கத் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவர். அவை தாம் கரைந்து மற்றவற்றைக் காப்பதால் காலந்தோறும் மாற்ற வேண்டும். மீண்டும் நீரில் இறக்குமுன், பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்க அடியில் தனி வண்ணம் பூச வேண்டும். நீரிலேயே விட்டுச் செல்வோர் கயிறுகளை இரட்டிப்பாகக் கட்டி, உராயும் இடங்களில் தோலோ ரப்பரோ சுற்ற வேண்டும். கயிறு அறுவது புயலில் மட்டுமன்று. தினமும் சிறுகச் சிறுக உராய்ந்தும் அறும்.

புயல் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020 செப்டம்பரே சாட்சி. “இயானோஸ்” என்னும் சூறாவளி அயோனியக் கடலில் எழுந்து, கெஃபலோனியா, இத்தாக்கா முதலிய தீவுகளைத் தாக்கிற்று. கட்டியிருந்த படகுகள் பல கரையில் மோதி உடைந்தன, சில மூழ்கின. பெருந்தொற்றால் பயணங்கள் தடைப்பட்டிருந்த ஆண்டு அது. நினைத்த மாத்திரத்தில் விமானம் ஏறி ஓடிவர வழியின்றி, செய்தியைத் தூரத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த உடைமையாளர் பலர்.

இத்தகைய வேளையில் சொந்தக்காரருக்குக் கைகொடுப்பவர் அவ்வூரில் இருக்கும் காவற்காரர் ஒருவரே. மாதக் கூலிக்குப் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் தொழில் அங்கே முறையாக நடக்கின்றது. வாரந்தோறும் உள்ளே ஏறிப் பார்த்து, கயிறு இறுக்கி, நீர் கசிகின்றதா என்று சோதித்து, காற்றோட்டம் செய்து, படம் பிடித்து அனுப்புகிறார்கள். என்ன செய்ய வேண்டும், எந்தச் செலவுக்கு முன்னனுமதி வேண்டும் என்பதை எழுதிக் கொடுப்பது நலம். சுங்கச் சலுகையில் நிற்கும் படகை அவ்வூர்க் காவற்காரர் தம் குடும்பத்தோடு உலாவ எடுத்துச் செல்லலாகாது என்பதையும் அவருக்குச் சொல்லிவைக்க வேண்டும். உள்ளூரார் அப்படகை எப்போதேனும் ஓட்ட வேண்டுமானால், உடையவர் சொல்லியே ஓட்ட வேண்டும். அவ்வேளையில் உடையவரும் ஒன்றியத்துக்குள் இருத்தல் வேண்டும் என்பது விதி.

இன்ஷூரன்ஸ் இன்றி அங்கே படகு வைத்தல் இயலாது. பிறர்க்கு நேரும் சேதத்துக்கான காப்பு கிரீஸில் கட்டாயம். தம் படகுக்கும் சேர்த்துக் காப்புச் செய்வோர் பத்திரத்தின் நிபந்தனைகளை வரிவரியாகப் படிக்க வேண்டும். குளிர்காலத்தில் கரையேற்ற வேண்டும், இன்ன கால இடைவெளியில் ஆள் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருப்பதுண்டு. எழுதியபடி செய்யாதவருக்குப் பணம் கிடைப்பது அரிது.

அன்பருக்கு நம் விடை

செலவைப் பற்றிப் படகுக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் உத்தேசக் கணக்கு ஒன்று உண்டு. ஆண்டுதோறும் படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்குப் போகும் என்பர். பட்டறை வாடகை, தூக்கிறக்கும் கூலி, வண்ணம், இன்ஷூரன்ஸ், காவற்காரர் சம்பளம், 7 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்குக் கிரீஸ் விதிக்கும் கடற்பயண வரி, இவற்றோடு விமானக் கட்டணமும் சேரும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இச்செலவு நிற்காது. படகின் விலையோ ஆண்டுக்கு ஆண்டு இறங்கும்.

ஆகவே கையெழுத்து இடுவதற்கு முன் குமாரர் நான்கு வினாக்களுக்கு எழுத்து மூலம் விடை பெற வேண்டும். முதலாவது, இப்படகுக்கு ஒன்றியத்தில் வரி கட்டியாயிற்றா? கட்டியிருந்தால் அசல் ரசீது எங்கே? கட்டவில்லையானால் 18 மாதக் கெடு எந்த நாளில் முடிகின்றது? இரண்டாவது, படகு எந்தப் பதிவேட்டில் எவர் பெயரால் இருக்கும்? தம் பங்கு எங்கே எழுதப்பட்டிருக்கும்? மூன்றாவது, பங்குதாரர் ஒருவர் வேலை மாறி ஐரோப்பாவிலேயே குடியேறினால், அல்லது குமாரரே இந்தியாவுக்குத் திரும்பினால், அல்லது ஒருவர் இறந்தால், அப்பங்கை எவர், என்ன விலைக்கு எடுத்துக்கொள்வர்? நான்காவது, நால்வரும் இல்லாத மாதங்களில் படகைப் பார்ப்பவர் யார்? கூலியை யார் கொடுப்பது? இந்நான்கில் ஒன்றுக்கேனும் “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்பது விடையாக வருமானால் பங்கு சேராமல் இருப்பதே மேல்.

நம் கருத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். சம்பாத்தியத்தில் மிஞ்சிய பணமாயின், நண்பர்களோடு கடலில் களிப்பதில் தவறில்லை. நிலம் விற்ற பணத்தை இதில் போடுதல் தகாது. நிலம் கைமாறியபோதே குடும்பத்தின் ஒரு பிடிமானம் போயிற்று. அதற்கு ஈடாக வந்த தொகை மற்றொரு பிடிமானமாக வேண்டுமேயன்றி, ஆண்டுதோறும் தேயும் பொருளாகலாகாது. கடல் ஆசை தீர வேறு வழி உண்டு. கிரீஸில் வார வாடகைக்குப் பாய்மரப் படகுகள் கிடைக்கின்றன. மாலுமியோடும் கிடைக்கும். இரண்டு கோடைகள் அங்ஙனம் சென்று வரட்டும். வாடகைப் படகுக்கு 18 மாதக் கெடு இல்லை. குளிர்காலக் கவலை இல்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு முடிந்தது. அதன் பின்னும் ஆசை தீரவில்லையாயின், அப்போது பங்கு வாங்கலாம். நண்பர்களின் குணமும் அதற்குள் தெரிந்திருக்கும்.

நிற்க. படகு இல்லாத நம் வீடுகளுக்கும் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கின்றது. தூரத்து உடைமையைக் காப்பவை இரண்டு: ஒன்று ஒழுங்கான காகிதம், மற்றொன்று அங்கே இருக்கும் ஒரு நல்ல மனிதர். ஊர் வீட்டின் பத்திரமும் பட்டாவும் வரி ரசீதும் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பது குடும்பத் தலைவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். அவ்வாறே, நம் வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு, மழை பெய்த மறுநாள் ஒழுகுகின்றதா என்று எட்டிப் பார்க்கும் அந்த அண்டை வீட்டாரை நாம் கோடையில் ஊருக்குப் போகும்போது மட்டும் நினைத்தல் முறையாகாது. கூலி கொடுத்து அமர்த்திய காவற்காரருக்கே எழுத்தும் சம்பளமும் நன்றியும் வேண்டும் என்றால், கூலியின்றிச் செய்பவருக்கு எவ்வளவு வேண்டும்! மழைக்காலம் தொடங்குமுன் அவருக்கு ஒரு தொலைபேசி செய்யுங்கள். வீட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன் அவர் உடல்நலத்தைக் கேளுங்கள்.

அடுத்த இதழில், கூட்டுச் சொத்தைச் சகோதரர்கள் பங்கிடும்போது வெளியூரில் இருப்பவர் தயார் செய்துகொள்ள வேண்டிய பத்திரங்களைப் பற்றி எழுதுவோம். ஐயங்களை அன்பர்கள் சங்கத்து முகவரிக்கு எழுதலாம்.